மஞ்சள் நோட்டீஸ் வந்த பிறகு நான் வீணாக்கிய இரண்டு வருடம்

2016 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. என் அட்டைப்பெட்டி ஷெட்டில் பேப்பர் ரீல் லாரி நின்று இறக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கோர்ட் அமீனா வந்தார். பேரைக் கேட்டார், மஞ்சள் காகிதக் கட்டு ஒன்றை நீட்டினார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். லோடுமேன்கள் நாலு பேரும் ரீலை அப்படியே விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். பணம் கொடுத்து ஏமாந்தவன் நான். ஆனால் சாயங்காலத்துக்குள் ஈரோடு பேப்பர் கடைகளில் பரவிய செய்தி வேறு. "அட்டைப்பெட்டிக்காரருக்கு மஞ்சள் நோட்டீஸ் வந்துச்சாமே" என்பதை, நானே ஐ.பி. (கடனைக் கட்ட முடியாது என்ற திவால் மனு) கொடுத்துவிட்டேன் என்று பாதிப் பேர் புரிந்துகொண்டார்கள். எனக்கு ரீல் கடன் கொடுத்துவந்தவர் அடுத்த லோடுக்கு ரொக்கம் கேட்டார். எட்டு வருடப் பழக்கம். நான் விளக்கிச் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

அந்தக் கட்டில் என்ன இருந்தது என்று அன்று ராத்திரிதான் உட்கார்ந்து படித்தேன். நான் பெட்டி சப்ளை செய்துவந்த ஜவுளிக்காரர், தன்னால் கடன்களைக் கட்ட முடியவில்லை, தன்னைத் திவாலானவர் என்று அறிவிக்க வேண்டும் என்று சார்பு நீதிமன்றத்தில் போட்ட மனுவின் நகல். கூடவே கடன் கொடுத்தவர்கள் பட்டியல். 43 பேர், மொத்தம் 2 கோடியே 10 லட்சம். நான் 27ஆவது ஆள். புரோநோட்டுக் கடன் 5,00,000 என்று சரியாகவே போட்டிருந்தார். பெட்டி பாக்கி 3,86,000 இருந்ததை 1,50,000 என்று சுருக்கியிருந்தார். பட்டியலில் ஒன்பது பேர் அவருடைய சொந்தக்காரர்கள். அவர்களுக்கு மட்டும் 74 லட்சம் தர வேண்டுமாம். அதில் ஒருவர் அவர் கடையிலேயே மடிப்பு வேலை பார்த்தவர். அவரிடம் 9 லட்சம் கடன் வாங்கியிருக்கிறாராம்! அந்த வரியைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. அதன்பிறகு ரொம்ப நாள் சிரிக்கவில்லை.

முதலில் நான் எப்படிக் கொடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2012இலிருந்து அவருக்கு ஐந்து ப்ளை (ஐந்தடுக்கு) பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பிராண்டு பேர் அச்சடித்து, 45 நாள் தவணையில். இரண்டு வருடம் பிசிறில்லாமல் பணம் வந்தது. 2014 கடைசியில் ஒரு மாற்றம் தெரிந்தது. புது பில்லுக்கு உடனே பணம் தருவார். பழைய பில்லைக் கேட்டால் "அதுல டேமேஜ் கணக்கு இருக்குங்க தம்பி, சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்பார். புதுசுக்குப் பணம் வந்துகொண்டிருந்ததால் பழசு எனக்கு உறுத்தவில்லை. ஆர்டரும் பெரிதாகிக்கொண்டே போனது. வியாபாரம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்தேன். மூழ்கப் போகிறவரும் கடைசி ஆறு மாதத்தில் ஆர்டரைக் கூட்டுவார், கடனில் எடுத்து ரொக்கத்துக்கு விற்று கையில் பணம் பண்ணுவார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பழைய பில் நிற்கும்போது ஆர்டர் திடீரென்று இரட்டிப்பானால் சந்தோஷப்படாதீர்கள். கடைக்குப் போய் சரக்கு எங்கே என்று பாருங்கள்.

2015 ஏப்ரல் 20ஆம் தேதி கைமாற்றாக 5 லட்சம் கேட்டார். "ஆறே மாசம் அண்ணனுக்காகப் பொறுத்துக்கங்க தம்பி" என்றார். ஒன்றரை வட்டிக்குப் புரோநோட்டு எழுதிக்கொண்டேன். வீட்டையும் காட்டினார். புதுசாகக் கட்டிய மாடி வீடு. "இது இருக்கறப்ப உங்களுக்கென்ன பயம்?" அந்த வார்த்தைதான் என்னை விழவைத்தது. அந்த வீட்டை ஏழு மாதத்துக்கு முன்பே, 2014 செப்டம்பரில், மனைவி பேருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிப் பதிவும் செய்துவிட்டார். ஒரு வில்லங்கச் சான்று போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். இப்போது பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். பெண் பார்க்கப் போனால் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம், 5 லட்சம் கொடுக்க ஒரு மாடி வீடு போதுமாக இருந்திருக்கிறது.

வட்டி மாதம் 7,500. ஆறு மாதம் ரொக்கமாகவே தந்தார். நோட்டின் பின்பக்கம் ஒரு தடவைகூட வரவு எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாரே என்ற கூச்சம். அக்டோபரில் அசலைக் கேட்டபோது 10ஆம் தேதி போட்டு ஒரு செக் தந்தார். "இப்ப போட்டுறாதீங்க, நான் சொல்றப்பப் போடுங்க." மாதா மாதம் தள்ளிக்கொண்டே போனார். செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான். ஜனவரி 10 வாக்கில் அது வெறும் காகிதமானது. மனுவில் இருந்த தேதி ஜனவரி 18. இதை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. காலத்தில் போட்டுத் திரும்பியிருந்தால், தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் விட்டு, 15 நாள் பொறுத்து, அடுத்த ஒரு மாதத்துக்குள் செக் மோசடி வழக்கே போட்டிருக்கலாம். "போடாதீங்க" என்று யாராவது சொன்னால், அந்தச் செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுத் தேதியில் வேறு வாங்குங்கள்.

நோட்டீஸ் வந்த பிறகு நான் செய்தது என்ன? ஒன்றுமில்லை. வீட்டில் இரண்டு மாதம் சொல்லவே இல்லை. பின் அடிக்கும் மெஷின் ஒன்றை விற்றேன், ரொக்கத்துக்கு ரீல் எடுக்க. அது போதாமல் மனைவியின் வளையல் அடகுக்குப் போனபோதுதான் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் திட்டவில்லை. "ஐ.பி. கொடுத்துட்டா அவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான் என்று சொன்னேன். காவல் நிலையத்துக்குப் போனேன், சிவில் மேட்டர் என்றார்கள். என்னைச் சுற்றியிருந்த எல்லாருக்கும் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: மஞ்சள் காகிதம் வந்தால் பணம் போச்சு. வாய்தா தேதி நோட்டீஸிலேயே இருந்தது. போகவில்லை. கோர்ட்டுக்குப் போனால் இன்னும் செலவு என்று நினைத்தேன்.

நடுவில் ஒரு தரகர் வந்தார். ரூபாய்க்கு நாலணா தருகிறோம், நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 'பாக்கி இல்லை' என்று எழுதிக் கொடுங்கள் என்றார். பட்டியலில் இருந்த ஏழெட்டுப் பேர் வாங்கிக்கொண்டதாக அப்புறம் தெரிந்தது. நான் வாங்காததற்குக் காரணம் புத்திசாலித்தனம் இல்லை, கோபம். அதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உண்மையிலேயே ஒன்றுமில்லாதவர், நாலணா மட்டும் எங்கிருந்து தருவார்?

2018 மார்ச்சில், வேறொரு வாடகைத் தகராறுக்காக ஒரு வக்கீல் அம்மாவைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நோட்டு தேதி என்னங்க?" சொன்னேன். காலண்டரைப் பார்த்துவிட்டு, "இன்னும் அஞ்சு வாரம்கூட முழுசா இல்லை. இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்றார். புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் வழக்குப் போடக் கெடு. வட்டி வரவு பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஒவ்வொரு வரவுக்கும் கெடு புதுசாகியிருக்கும். நான் வாங்கிய 45,000 ரூபாய் வட்டிக்கு ஒரு கீறல்கூட நோட்டில் இல்லை.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே தனியாள் திவால் என்றால் இன்றும் 1920ஆம் வருட மாகாண திவால் சட்டம்தான். சென்னை நகரத்துக்கு 1909ஆம் வருடச் சட்டம், அங்கே உயர் நீதிமன்றம் பார்க்கிறது. 2016இல் வந்த புதுச் சட்டத்தில் தனியாட்களுக்கான பகுதி, 2019 டிசம்பர் முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டப்படி வெறும் 500 ரூபாய் கடன் இருந்தாலே ஒருவர் மனுப் போடலாம். ஆனால் மனுப் போட்டதும் நம் கை கட்டப்படுவதில்லை. கோர்ட் அவரைத் திவாலானவர் என்று அறிவித்த பிறகுதான், அனுமதி இல்லாமல் நாம் தனியாக வழக்குப் போடக் கூடாது. மனு நிலுவையில் கிடக்கும் காலத்தில் தாராளமாகப் போடலாம், போட்டே ஆக வேண்டும். ஏனென்றால் அந்தக் காலம் கெடுவில் கழிக்கப்படாது. என்னைப் போலக் காகிதத்தைப் பார்த்துப் பயந்து சும்மா இருப்பவர்களின் மூன்று வருடம் ஓசைப்படாமல் ஓடிவிடும். பலர் இந்த மனுவைப் போட்டுவிட்டு வாய்தா வாங்கி இழுப்பதே அதற்காகத்தான் என்று அவர் சொன்னபோது, இரண்டு வருடம் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தது அப்படியே கண்முன் வந்தது. அறிவிப்பு வரும் நாளில் கடன் உயிரோடு இருந்தால்தான் அதைக் கணக்கில் சேர்க்க முடியும் என்றும் சொன்னார்.

ஏப்ரல் 11ஆம் தேதி பணவசூல் வழக்குப் பதிவானது. கெடுவுக்கு ஒன்பது நாள் முன்பு. பெட்டி பில்களில்தான் சிக்கல். 2014 அக்டோபரிலிருந்து 2015 ஜனவரி வரையான பில்கள், 1,12,000 ரூபாய்க்கு, தவணை நாளிலிருந்து மூன்று வருடம் தாண்டிவிட்டன. போச்சு என்று நான் எழுந்துவிட்டேன். அவர் அந்த மஞ்சள் கட்டை வாங்கி, பட்டியலில் 27ஆவது வரியைப் பேனாவால் தட்டினார். "பெட்டி சரக்கு வகையில் பாக்கி" என்று எழுதி, கீழே ஜவுளிக்காரரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கெடு முடிவதற்குள் எழுத்தில் கடனை ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதுசாக ஓடும். நம்மிடம்தான் எழுதித் தர வேண்டும் என்பதில்லை, கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்ததும் ஒப்புதல்தான். கடன் இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டால் போதும், எவ்வளவு என்பதை நம் பில்லை வைத்துக் காட்டிக்கொள்ளலாம். அது நடந்தது. அவர் ஸ்டோர் ஆள் கையெழுத்துப் போட்ட டெலிவரி சலான்கள் முழுக்க நான் வைத்திருந்ததால் 3,86,000மும் நின்றது. ஒரு காகிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள், பயமுறுத்த வந்த காகிதத்தையும் சேர்த்து.

திவால் மனுவிலும் ஆட்சேபணை போட்டோம். வீட்டை எழுதி வைத்தது, போலிக் கடன்காரர்கள், எல்லாம் சொன்னோம். மோசடிக்காரர் மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். இல்லை, 2018 ஆகஸ்டில் அவரைத் திவாலானவர் என்று அறிவித்துவிட்டார்கள். நொந்துபோய்விட்டேன். வக்கீல் அம்மா பொறுமையாகச் சொன்னார்: கடனைக் கட்ட வழியில்லை என்று மேலோட்டமாகக் காட்டினாலே இந்தக் கட்டத்தில் அறிவித்துவிடுவார்கள், அவர் செய்த தில்லுமுல்லு கணக்குக்கு வருவது பின்னால், கடன்களிலிருந்து விடுவிப்புக் கேட்கும்போது. அதற்குள் நமக்கு ஒரு லாபம், இனி அவர் சொத்து அவர் கையில் இல்லை, ரிசீவர் (சொத்தைப் பார்த்துக்கொள்ளும் கோர்ட் பொறுப்பாளர்) கையில்.

அடுத்த வேலை கடனை நிரூபிப்பது. பட்டியலில் பேர் இருந்தால் தானாகப் பணம் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பிரமாணப் பத்திரம், நோட்டு நகல், பில், சலான் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 43 பேரில் கொடுத்தது 19 பேர். அந்த ஒன்பது சொந்தக்காரர்களில் இரண்டு பேர்தான் வந்தார்கள், அவர்களும் எந்த வங்கிக் கணக்கிலிருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டதும் திரும்ப வரவில்லை. மடிப்பு வேலைக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, பாவம், அவர் பேர் அதில் இருப்பது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். பட்டியலில் 12ஆவது ஆள் எங்களையெல்லாம்விடக் கெட்டிக்காரர். அவர் நோட்டில் ஜவுளிக்காரரின் மைத்துனரிடம் ஜாமீன் கையெழுத்து வாங்கியிருந்தார். கடன் வாங்கியவர் விடுதலையானாலும் ஜாமீன்தாரரை இந்தச் சட்டம் விடுவிக்காது. அவர் மைத்துனரைப் பிடித்து முழுசாக வசூலித்துவிட்டார்.

வீட்டு விஷயம்தான் இழுத்தது. காசு வாங்காமல் எழுதிக்கொடுத்த சொத்தை, எழுதி இரண்டு வருடத்துக்குள் திவால் மனு விழுந்திருந்தால், ரிசீவர் கோர்ட்டில் ரத்து செய்யக் கேட்கலாம். 2014 செப்டம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் நடுவில் 16 மாதம். இன்னும் எட்டு மாதம் பொறுத்து மனுப் போட்டிருந்தால் தப்பித்திருப்பார், எங்கள் நெருக்கடி பொறுக்க முடியாமல் அவசரப்பட்டுவிட்டார். ரிசீவர் முன்வராவிட்டால், கடனை நிரூபித்தவர் அனுமதி வாங்கித் தானே கேட்கலாம். எங்கள் விஷயத்தில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஜவுளிக்காரர் மனைவி அப்பீல் போனார், நடுவில் கொரோனா வந்து கோர்ட்டே மூடிக் கிடந்தது, 2023இல் வீடு ஏலம் போய்ச் செலவெல்லாம் கழிந்து 36 லட்சம் நின்றது. நிரூபித்த கடன் மொத்தம் 1 கோடியே 15 லட்சம். ரூபாய்க்கு 31 காசு. எனக்கு வந்தது 2,74,660. வக்கீல், கோர்ட் கட்டணம், நகல் என்று நான் செலவழித்தது 1,40,000 பக்கம். நாலணாவுக்கு ஒத்துக்கொண்டிருந்தால் செலவில்லாமல் 2,21,500 அன்றே கையில் இருந்திருக்குமே என்று என் மைத்துனன் கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கு சரிதான். அவனிடம் பதில் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவர் இப்போது விடுவிப்புக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். இந்த இடத்தில் சட்டம் கறாராக இருக்கிறது. சொத்து ரூபாய்க்கு எட்டணாகூடத் தேறாமல், அது தன் தப்பில்லை என்று அவரால் காட்டவும் முடியாவிட்டால், முழு விடுவிப்பு கிடையாது. மனுவுக்கு முந்தைய மூன்று வருடக் கணக்குப் புத்தகம் இல்லாவிட்டாலும் அப்படித்தான். திருப்பிக் கட்ட முடியும் என்று நம்ப நியாயமான காரணமே இல்லாமல் கடன் வாங்கியிருந்தாலும் அப்படித்தான், காரணம் இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவர் தலையில். வீட்டை எழுதிவைத்துவிட்டு ஏழு மாதம் கழித்து அதே வீட்டைக் காட்டி என்னிடம் வாங்கிய 5 லட்சம் இதில் எங்கே வரும் என்று நீங்களே பாருங்கள். விடுவிப்பே கிடைத்தாலும், மோசடியால் உண்டான கடன் அதோடு அழியாது. அதனால்தான் நான் இன்னும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் கரூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவரும் பெட்டிக்காரர். கோர்ட் ஆவணத்தில் என் பேரைப் பார்த்து நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறார். நம்ம ஆள் அங்கே புதுப் பேரில் கடை போட்டு, 60 நாள் தவணையில் சரக்கு எடுத்திருக்கிறார். தான் விடுவிக்கப்படாத திவாலானவர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் 50 ரூபாய்க்குக் கடன் வாங்கினாலே ஆறு மாதம் வரை சிறை என்று அதே 1920 சட்டத்தில் இருக்கிறது, திவால் கோர்ட்டே விசாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "ஐம்பது ரூபாயா? எனக்கு ரெண்டு லட்சத்துக்கு மேலங்க" என்றார். பில் நகல், சலான், ஆர்டர் வந்த வாட்ஸப் எல்லாம் எடுத்துக்கொண்டு அடுத்த வாய்தாவுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், வக்கீல் அம்மாவிடமும் பேசிவிட்டேன். வைக்கும் முன் என்ன அளவு பெட்டி போட்டீர்கள் என்று கேட்டேன். பதினெட்டுக்குப் பன்னிரண்டு, ஐந்து ப்ளை. எனக்குக் கொடுத்த அதே அளவு. என் ஷெட்டு மூலையில் பழைய பிராண்டு பேரோடு 400 பெட்டி இன்னும் கிடக்கிறது. அவரிடம் புதுப் பேர் அச்சடித்தது 600 நிற்கிறதாம்.